அடி முன்னே, ஓசை பின்னே

குளத்தின் எதிர்க்கரையில் ஒருவர் கல்லில் துணியை அடித்துத் துவைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழுந்து, அவர் கை மறுபடி மேலே எழும்போதுதான் ‘தொப்’ என்ற ஓசை நம் காதுக்கு எட்டும். ஒளி நொடியில் வந்துவிடுகிறது. ஒலியோ காற்றில் நடந்து வருகிறது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி ஒரு வினாடியில் சுமார் 350 மீட்டர் செல்லும். குளம் 70 மீட்டர் அகலம் என்றால் ஓசை ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிந்தி வரும்.

குளக்கரையில் இது நமக்கு வேடிக்கை. ஆனால் திருத்துறைப்பூண்டியில் நடந்த ஒரு கலியாணத்தின் வீடியோவில், தவில்காரர் கோலை ஓங்கும்போதே அடித்த ஓசை கேட்டால்? தாத்தா வாயை மூடிய பிறகு அவர் ஆசீர்வாதம் கேட்டால்? இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த கலியாண கேசட்டுகளையும் டிவிடி தகடுகளையும் இன்று பலரும் கணினியில் ஏற்றிப் பென் டிரைவில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படி மாற்றும்போதுதான் இந்தக் கோளாறு தலைகாட்டுகிறது. தாத்தாவின் குரல் அந்த ஒரு தகட்டில் மட்டுமே இருக்கிறது என்றால், இது சின்ன விஷயமல்ல. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்த வட்டாரத்தில் எத்தனை கூரைகளைப் பிரித்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நனைந்த அலமாரியில் இருந்த தகடு இன்னும் படிக்கும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்துவிட வேண்டும். சரியாகவும் எடுக்க வேண்டும்.

எவ்வளவு பிசகினால் நமக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவு தந்திருக்கிறது. ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்தினால் 125 மில்லிவினாடி வரை அவருக்குத் தெரிவதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஓசை பிந்தி வருவதை நாம் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். 125 மில்லிவினாடி என்பது 44 மீட்டர் தொலைவில் நடப்பதைக் கேட்பது போலத்தான். ஆனால் அடிக்கு முன்னே ஓசை வருவதை எந்தக் குளக்கரையிலும் யாரும் கண்டதில்லை.

வீடியோ என்பது ஓடும் படமன்று. அது வரிசையாகக் காட்டப்படும் அசையாப் படங்கள். ஒவ்வொன்றையும் சட்டம் என்று அழைப்போம். இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதையொட்டி நமது தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 சட்டங்கள். ஒரு சட்டத்துக்கு 40 மில்லிவினாடி. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. ஆகவே அங்கே 30 சட்டங்கள் வைத்தார்கள். 1953-இல் வண்ணத்தைப் புகுத்தியபோது சில தொல்லைகளைத் தவிர்க்க அதை 29.97 ஆகக் குறைத்தார்கள். இந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்கள் பின்னாலே நம்மைப் படுத்தப் போகின்றன. திரைப்படத்துக்கோ வினாடிக்கு 24 சட்டங்கள்.

ஒலி வேறு கணக்கு. டிவிடியில் ஒலி அலையை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக எழுதியிருப்பார்கள். பாட்டு சிடியில் 44,100 முறை. படமும் ஒலியும் தனித்தனிப் பொட்டலங்களாகத் தகட்டில் கிடக்கின்றன. டால்பி முறையில் ஓர் ஒலிப் பொட்டலம் 32 மில்லிவினாடி நீளம். படச் சட்டமோ 40. இரண்டும் ஒன்றாக முடிவது 160 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் (மீச்சிறு பொது மடங்கு!). எனவே எது எப்போது ஒலிக்க வேண்டும், எது எப்போது தெரிய வேண்டும் என்பதற்குப் பொட்டலங்களின் மேல் நேர முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்த முத்திரையின் கடிகாரம் வினாடிக்கு 90,000 எண்ணும். 25 சட்ட முறையில் ஒரு சட்டத்துக்கு 3,600, 24-இல் 3,750, 29.97-இல் 3,003. எல்லாம் முழு எண்கள்! இந்த முத்திரைகளை மதிக்காமல் படத்தைத் தனியே, ஒலியைத் தனியே பிரித்து மீண்டும் ஒட்டும்போதுதான் வம்பு.

மருத்துவர் முதலில் நாடி பார்ப்பது போல, நாமும் முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். பழைய தகட்டையே அதே கணினியில், அதே ஒலிபெருக்கியில் ஓட்டுங்கள். அதிலும் பிசகு இருந்தால் மாற்றியவர் மேல் பழியில்லை. புளூடூத் ஒலிபெருக்கி ஒலியைத் தாமதப்படுத்தும். சில பெரிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்குள் படம் தாமதமாகும். கம்பி இணைப்பில் கேட்டு உறுதி செய்யுங்கள். கேசட்டிலிருந்து தகட்டுக்கு ஏற்றியபோதே பிசகியிருப்பதும் உண்டு.

தகடு சரி, கோப்புதான் பிசகு என்றால் அளக்கத் தொடங்கலாம். உதட்டசைவை நம்பாதீர்கள். நாயனக் கோஷ்டியில் தாளம் போடுபவரைப் பிடியுங்கள். அல்லது தேங்காய் உடையும் இடம். வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் ‘ஜே’, ‘கே’ விசைகளை அழுத்தினால் ஒலி 50 மில்லிவினாடி முன்னும் பின்னும் நகரும். நகர்த்திய அளவு திரையில் தெரியும். ‘ஈ’ விசை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தும். தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று குறைந்தது மூன்று இடங்களில் பிசகை அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். கிடையாக நேரம், நெடுக்காகப் பிசகு.

இப்போது உங்கள் கணக்கு ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்: y = mx + c.

கோடு கிடையாக இருந்தால் m சுழி. C மட்டும்தான் பிசகு. தொடக்கத்திலேயே ஒலி நழுவிவிட்டது. முழு ஒலியையும் அந்த அளவுக்கு ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது.

கோடு சாய்வாக ஏறினால்தான் சுவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய தகடு ஒன்று. 5-ஆம் நிமிடத்தில் ஒலி 0.3 வினாடி பிந்துகிறது. 60-ஆம் நிமிடத்தில் 3.6, 115-ஆம் நிமிடத்தில் 6.9. நிமிடத்துக்கு 0.06 வினாடி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 30-க்கும் 29.97-க்கும் உள்ள வேறுபாடும் ஆயிரத்தில் ஒரு பங்குதானே! 29.97 சட்டப் படத்தை யாரோ 30 என்று குறித்துவிட்டார்கள். படம் விரைந்து ஓடுகிறது. குறிப்பைத் திருத்தினால் போதும். நிமிடத்துக்கு 2.5 வினாடி என்று வந்தால் 24 சட்டப் படம் 25-இல் ஓடுகிறது என்று பொருள். இரண்டரை மணி நேரத் திரைப்படம் அப்படி ஓடினால் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியையும் கூடவே விரைவுபடுத்தி ஒத்துப்போகச் செய்வதுண்டு. அப்போது சுருதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டை ஏறும். நல்ல காது உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். 48,000 ஒலியை 44,100 என்று தவறாக ஓட்டினாலோ ஒரு மணி நேரம் 65 நிமிடம் 18 வினாடியாக நீளும். நாயனம் முக்கால் கட்டை அளவுக்கு இறங்கி அழும். இதற்கு வரைபடமே வேண்டாம்.

மிகச் சிறிய சாய்வும் உண்டு. கேமரா ஒன்றிலும் ஒலிப்பதிவுக் கருவி வேறொன்றிலுமாகப் பதிவு செய்தால், இரண்டின் குவார்ட்ஸ் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டாலே மணிக்கு 0.18 வினாடி விலகும். அது நாலரைச் சட்டம்.

சாய்வான பிசகைப் பாதியளவு நகர்த்திச் சரிக்கட்டுவது சிலர் வழக்கம். அப்படிச் செய்தால் தாலி கட்டும் நேரம் சரியாக இருக்கும். மாப்பிள்ளை அழைப்பும் மறுவீடும் கெடும். இது வைத்தியமன்று, மறைப்பு.

மூன்றாவது வகை படிக்கட்டு. சிறிது நேரம் சரியாக ஓடும். திடீரென்று அரை வினாடி தாவும். பிறகு அந்தப் பிசகு அப்படியே நிற்கும். டிவிடியில் வீடியோ ஏறத்தாழ 1 ஜிகாபைட் துண்டுகளாக இருக்கும். தனித்தனியே மாற்றி ஒட்டினால், ஒட்டுப் போட்ட இடங்களில் படி விழும். முதலில் எல்லாத் துண்டுகளையும் வரிசையாகச் சேர்த்துப் பிறகு மாற்றுவதே முறை. ஒட்டு இல்லாத இடத்தில் படி வந்தால் தகட்டில் கீறல். அங்கே சில சட்டங்கள் படிக்கப்படாமல் போயின. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். குறைந்த வேகத்தில், முதலில் கணினித் தட்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள்.

இந்தப் படிக்கட்டு நோய் புதிதன்று. 1926-இல் அமெரிக்காவில் வந்த வைட்டாபோன் பேசும்படங்களில் ஒலி, 16 அங்குல இசைத்தட்டில் தனியே சுழன்றது. ஒரு தட்டுக்குச் சுமார் 11 நிமிடம். படச்சுருளில் ஒரு தொடக்கச் சட்டம், தட்டில் ஓர் அம்புக்குறி. இரண்டையும் பொருத்தி ஓட்டுவார்கள். படச்சுருள் அறுந்து நாலு சட்டம் வீணானால் அதன்பின் எல்லா வசனமும் பிசகும். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிது: வீணான இடத்தில் அதே எண்ணிக்கையில் கறுப்புச் சட்டங்களை ஒட்டிவிடுவது. கண்ணுக்கு ஒரு கணம் இருட்டு; காதுக்கு எதுவும் தெரியாது.

கீறல் விழுந்த தகட்டுக்கும் இதே வழிதான். தாவிய இடத்தைக் கண்டுபிடித்து, காணாமற்போன சட்டங்களை எண்ணி, முந்தைய சட்டத்தையே அத்தனை முறை திரும்ப வையுங்கள். 12 சட்டம் என்றால் அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. அது பந்திக் காட்சியாக இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை.