குளிரில் ஏறும் வோல்ற்றளவு: சோலார் தொழிலுக்கு மாற நினைப்போருக்கு

கொழும்புக் கடை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, கூரைகளில் சோலார் பொருத்தும் தொழிலைக் கற்க விரும்பும் பூண்டுலோயா வாசகர் ஒருவர் கேட்கிறார்: சில நாட்களில் சான்றிதழ் தரும் குறும்பயிற்சிக்குப் போவதா, மாதக்கணக்கில் காலம் எடுத்தாலும் மின்தொழிலை முறையாகப் படிப்பதா? மலையகத்தில் பலருடைய கேள்வி இது. 2016இல் அரசு ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கியபின் வீட்டுக் கூரைகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் சோலார் பரவியது. இன்று நாட்டின் கூரைச் சோலார் கொள்திறன் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவது அரசின் இலக்கு. ஆகவே வேலை உண்டா என்பதில் பெரிய ஐயமில்லை. எதைப் படித்தவருக்கு அந்த வேலை நிலைக்கும் என்பதே யோசிக்க வேண்டியது. முதலில் மின்தொழில், அதன்மேல் சோலார் என்பது என் முடிவு. அதற்கான மிக வலுவான சான்று நம் மலைநாட்டுக் குளிரிலேயே இருக்கிறது.

வெயில் ஏறஏறச் சோலார் பனலின் மின்சாரமும் ஏறும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் வெயில் வேறு, வெப்பம் வேறு. பனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. பனலில் உள்ள சிலிக்கன் சூடாகும்போது, ஒளி பிரித்துவைத்த மின்னேற்றங்கள் வெளிச்சுற்றுக்குப் போகாமல் உள்ளேயே மீண்டும் சேர்ந்து வீணாவது அதிகரிக்கிறது. அதனால் வோல்ற்றளவு இறங்குகிறது. குளிர்ந்தால் அந்தக் கசிவு குறைந்து வோல்ற்றளவு ஏறுகிறது. லயத்துக்கு மேலேயுள்ள தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வையுங்கள். பீலியிலிருந்து வரும் நீர் மாறாமலே ஓட்டை சிறுத்தால் தொட்டியில் மட்டம் உயரும் அல்லவா? பனலுக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். இன்னொரு விந்தையும் உண்டு. மின்னோட்டம் ஒளியின் அளவுக்கு ஏற்பவே கூடும். வோல்ற்றளவோ விடியற்கால மங்கிய வெளிச்சத்திலேயே பெரும்பங்கு ஏறி நின்றுவிடும். ஆக, குளிர்ந்த காலையில் பனி விலகி முதல் வெயில் விழும் நேரத்தில், வேலை இன்னும் தொடங்காத பனல் வரிசை தன் உச்ச வோல்ற்றளவைத் தொடுகிறது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பனலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகள் 25 பாகை செல்சியசில் எடுத்தவை. திறந்த சுற்று வோல்ற்றளவு (மின்னோட்டம் எடுக்காதபோது உள்ள அளவு) 49.5 என்று அச்சிட்ட 12 பனல்களைத் தொடராக இணைத்தால் 594 வோல்ற்று வரும். பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் தாங்கும் எல்லை 600 என்றால், பொருத்துபவர் நிம்மதியாக இறங்கிப் போய்விடுவார். இத்தகைய பனலில் வெப்பநிலை ஒரு பாகை குறைய வோல்ற்றளவு சுமார் 0.3 சதவீதம் கூடுகிறது. கொழும்பின் 22 பாகைக் காலையில் அது 599, மயிரிழையில் தப்பிவிடும். 15 பாகைக் காலையில் 612. தை, மாசியில் நுவரெலியாவில் 5 பாகைக்கு இறங்கும் விடியலில் 630. எல்லை மீறிய வோல்ற்றளவு இன்வேர்ட்டரின் உள்பாகங்களைச் சிதைக்கலாம். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் அத்துடன் போகும். ஒரு பனலைக் குறைத்து 11 ஆக்கியிருந்தால் அதே 5 பாகையிலும் 577 வோல்ற்றுதான். சமவெளியில் பழகிய எண்ணிக்கையை மனப்பாடம் செய்தவருக்கு இது புலப்படாது. வோல்ற்றளவு ஏன் மாறுகிறது, தரவுத்தாளில் அதை எங்கே பார்ப்பது என்று கற்றவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். இரண்டு பயிற்சிகளுக்கும் இடையிலுள்ள தூரம் இதுதான்.

ஆபத்தும் இதே அறியாமையில்தான் பிறக்கிறது. வீட்டு மின்சாரத்தை பிரேக்கரை இறக்கி நிறுத்தலாம். பகலில் பனலை நிறுத்த முடியாது. ஒளி பட்டுக்கொண்டிருக்கும் வரை அதன் முனைகளில் வோல்ற்றளவு நின்றுகொண்டே இருக்கும். வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் ஒரு செக்கனில் நூறு தடவை பூச்சியத்தைக் கடக்கிறது. சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி அப்போது அணைந்துவிடுகிறது. பனலிலிருந்து வரும் நேரோட்டத்துக்கு அந்தப் பூச்சியம் இல்லை. ஒழுங்காகப் பூட்டாத ஓர் இணைப்பில் பொறி எழுந்தால் அது தொடர்ந்து எரிந்து கூரையையே பற்றவைக்கலாம். ஆடலோட்டத்துக்கென்று செய்த மலிவான பிரேக்கரை இங்கே போடுவது பெருந்தவறு. இதற்கு மேல், சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமின்னல் மிகும் மலைப்பகுதியில், பாறை நிலத்தில் நல்ல ஏர்த் கிடைப்பது கடினம். அதை அளந்து சரிபார்க்கத் தெரியாதவர் கையில் பிறர் வீட்டுக் கூரையை ஒப்படைக்கக் கூடாது.

‘படிக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது?’ என்பது முதல் மறுப்பு. நாட்சம்பளக் குடும்பங்களில் இது நியாயமான கேள்வி. வழிகள் முற்றாக அடைபட்டுவிடவில்லை. இலங்கையின் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஏழு மட்டங்கள் கொண்டது. மின்தொழிலாளருக்கு 3, 4ஆம் மட்டச் சான்றிதழ்கள் உண்டு. ஏற்கெனவே வயரிங் வேலை செய்தவர், வகுப்பில் முதலிலிருந்து உட்காராமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தன் திறனைக் காட்டி மதிப்பீடு பெறலாம். ‘நைட்டா’ எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் பயிலுனர் முறையில் வேலையிடத்திலேயே கற்கலாம். சாதாரண தரத்தோடு நின்றவருக்கும் இந்த ஏணியில் இடம் உண்டு. குறும்பயிற்சி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மின்தொழில் அறிந்தவருக்கு அது மிகப் பயன் தரும். அடித்தளமில்லாதவரை அது மற்றவருக்குப் பனல் தூக்கிக் கொடுக்கும் உதவியாளராகவே வைத்திருக்கும்.

‘இந்த அலை ஓய்ந்துவிட்டால்?’ என்பது இரண்டாவது மறுப்பு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பனல்களைப் பெருக்குவது மட்டும் போதாது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. பகல் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுப்பது, பழைய அமைப்புகளைப் பழுதுபார்ப்பது, இன்வேர்ட்டர் அமைவுகளைத் திருத்துவது என்று வேலை இனி அந்தப் பக்கம் நகரும். பொருத்த மட்டும் தெரிந்தவர் அப்போது பின்தங்குவார். அளக்கவும் பழுது தேடவும் தெரிந்தவர் முன்னே போவார்.

மின்தொழில் கற்ற மலையகத்தாருக்கு நீர்மின் என்ற இன்னொரு வாசலும் திறக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் வெயில் மறையும் மாதங்களில்தான் நம் ஓடைகள் நிரம்புகின்றன. தேசிய மின்வலையமைப்பு வரும் முன்பே பல தேயிலைத் தொழிற்சாலைகள் சொந்தச் சிறு நீர்ச்சுழலிகளால் இயங்கின. பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின் சாத்தியத்தை நாட்டுக்கு எடுத்துரைத்த 1918ஆம் ஆண்டுக் கட்டுரை பிறந்ததும் இந்த மலைகளின் நீரை நம்பித்தான். வலையமைப்பின் மின்சாரம் எட்டியதும் அந்தச் சுழலிகளில் பல கைவிடப்பட்டுத் துருவேறின. பிற்காலத்தில் சில மீண்டும் சீர்செய்யப்பட்டன. மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் மறித்த நீரைச் சுரங்கவழியே கொண்டுபோய் 2012 முதல் 150 மெகாவாட் தருகிறது. இத்தனை மின்சாரம் பிறக்கும் மண்ணின் பிள்ளைகள், அந்த இயந்திரங்களுக்குக் காவலாளிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் மட்டும் இருப்பது இயல்பென்று ஏற்கக் கூடாது. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டதன் விலை இது. மின்தொழில் பாடங்களைத் தமிழில், மலையகத்திலேயே முழுமையாக நடத்தவேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறவேண்டியது நமது கடமை.

ஆகவே பூண்டுலோயா வாசகரே, பணம் கட்டும் முன் பயிற்சி நிலையத்தில் நான்கு கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் தேசிய தொழிற்றகைமையின் எந்த மட்டம்? கற்பித்தலும் பரீட்சையும் தமிழில் உண்டா? மீற்றரைக் கையில் பிடித்து நேரோட்டமும் ஏர்த்தும் அளக்க விடுவார்களா? தொழிலிடப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால், எவ்வளவு விரைவான சான்றிதழானாலும் வேண்டாம். அடுத்த நிலையத்துக்குப் போய் இதே நான்கையும் கேளுங்கள்.