ஐம்பது காசு நட்டும் 850 கிலோமீட்டர் வேகமும்

அப்பா விட்டுச்சென்ற யமாஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிள் இரண்டு வருடமாக வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. போன மாதம்தான் அதை ஸ்கூடாயில் தெரிந்த ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் பின் பிரேக்கைக் கழற்றினார். அதைப் பிடித்திருந்த சின்ன நைலான் நட்டைக் குப்பைத் தொட்டியில் வீசினார்.

"நல்லாத்தானே இருக்கு, அதையே போடலாமே?" என்றேன்.

"ஒரு தடவ கழட்டுன நைலான் நட்டு அப்புறம் பழையபடி பிடிக்காது தம்பி. அம்பது காசு மிச்சம் பண்ணப் போயி உயிர விட முடியுமா?"

செனாய் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று அந்நேரம் தலைக்கு மேலே போனது. எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விமானப் பந்தயம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் பேச்சு ஒரு நட்டில்தான் போய் முடிந்தது. அதைச் சொல்வதற்கு முன், நம் ஜொகூர் வானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாட்டி பார்த்த 'ஆகாயக் கப்பல்'

என் பாட்டி தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். விமானத்தைக் கடைசிவரை 'ஆகாயக் கப்பல்' என்றுதான் சொன்னார். அவசரகாலத்தில் தாழப் பறந்த கப்பல்களின் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்களாம்.

அந்தக் கப்பல்களில் புகழ்பெற்றது ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தைக் காத்த விமானம் என்று பெயரெடுத்த அதே ஸ்பிட்ஃபயர்தான். பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர்கள் கடைசியாகத் தாக்குதல் நடத்தியது 1951 ஜனவரி 1ஆம் தேதி. இடம், கோத்தா திங்கி வட்டாரக் காடு. ஸ்கூடாயிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம். 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்து கிளம்பிய ஒரு ஸ்பிட்ஃபயர் ஜொகூர் காடுகளைப் படம் பிடித்துத் திரும்பியது. அப்படையில் ஸ்பிட்ஃபயரின் கடைசிக் களப்பணி அதுதான்.

இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் 'கிரிஃபன்' எஞ்சின். 12 சிலிண்டர், கிட்டத்தட்ட 37 லிட்டர். நம் வீட்டு மைவி காருக்கு ஒன்றரை லிட்டர் என்று நினைத்துப் பாருங்கள்! சாங்கியில் பின்னாளில் நிறுத்தப்பட்டிருந்த ஷாக்கெல்டன் கடற்கண்காணிப்பு விமானங்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான், ஒவ்வொன்றிலும் நான்கு.

ஜெட் வந்தது. பழைய விமானங்கள் கழித்துப் போடப்பட்டன. பல பழைய இரும்பாக எடைக்குப் போயின. மிச்சம் கிடந்த சிலவற்றுக்கு ஒரு விசித்திரமான இரண்டாம் வாழ்க்கை காத்திருந்தது.

பர்மாவிலிருந்து ரெனோவுக்கு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெனோ என்ற ஊர். 1964இல் அங்கே விமானப் பந்தயம் தொடங்கியது. பாலைவனத்தில் உயரக் கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றிப் பல விமானங்கள் ஒரே நேரத்தில், தரையை ஒட்டிப் பறக்கும். 2014இல் புத்ராஜெயாவில் பார்த்தோமே, அது ஒவ்வொருவராகப் பறந்து நேரம் கணக்கிடும் போட்டி. ரெனோவில் முந்துபவர் முந்தலாம். அதன் உச்சப் பிரிவான 'அன்லிமிட்டெட்' பிரிவில் மோதிக்கொண்டவை பெரும்பாலும் பழைய போர் விமானங்கள்: பி-51 மஸ்டாங், பேர்கேட், சீ ஃபியூரி.

இவற்றைக் கண்டெடுத்த கதைகள் சுவையானவை. 'டிரெட்நாட்' என்ற சீ ஃபியூரி, பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் பர்மா விமானப் படைக்கு விற்கப்பட்டது. அங்கே ஓய்வுபெற்றதை ஃபிராங்க் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கர் வாங்கிக்கொண்டு போனார். மூக்கில் இருந்த எஞ்சினை எடுத்துவிட்டு, 28 சிலிண்டர் கொண்ட 71 லிட்டர் ராட்சத எஞ்சினைப் பொருத்தினார்கள். 1983இல் ரெனோவில் அதற்கே முதல் பரிசு.

'ரேர் பேர்' கதை இன்னும் மோசமான நிலையில் ஆரம்பிக்கிறது. 1969இல் லைல் ஷெல்டன் என்ற விமானி வாங்கியது விபத்தில் சிதைந்து கிடந்த ஒரு பேர்கேட்டின் மிச்சம். இருபது வருடம் அதோடு மல்லுக்கட்டினார். 1989இல் அது மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. முன்னால் சுழலும் விசிறி கொண்ட, பிஸ்டன் எஞ்சின் விமானம்!

வேகம் எங்கிருந்து வருகிறது?

மோட்டார்சைக்கிளை 'மோடிஃபை' செய்யும் நம் தம்பிகளுக்கு இது எளிதில் புரியும். முதல் வேலை, எடையைக் குறைப்பது. துப்பாக்கி, கவசத் தகடு, கூடுதல் டேங்க் எல்லாம் வெளியே. இரண்டாவது, காற்றின் தடையைக் குறைப்பது. இறக்கையின் நுனிகளை வெட்டுவார்கள். விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டைக் கையளவாக்குவார்கள். தகடுகளின் இடுக்குகளை நிரப்பி, கண்ணாடிபோலத் தேய்ப்பார்கள்.

மூன்றாவது எஞ்சின். அதற்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போர்க்கால எல்லையைப்போல் இரு மடங்குக்கு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றினால் 'நாக்கிங்' வந்து பிஸ்டன் உடையும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே பீய்ச்சுவார்கள். ரேடியேட்டர் மீதும் தண்ணீர் தெளிக்கப்படும். போரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடவேண்டிய எஞ்சின், பந்தயத்தில் சில மணி நேரத்திலேயே களைத்துவிடும்.

வெட்டியதற்கெல்லாம் விலை உண்டு. இறக்கை குறைந்தால் தரையிறங்கும் வேகம் கூடும். வேகம் கூடக்கூட, வாலில் உள்ள ஒவ்வொரு சிறு பாகத்தின் மீதும் விழும் சுமை பெருகும். 1940களில் அதை வடிவமைத்தவர்கள் கணக்கில் வைக்காத சுமை அது.

2011 செப்டம்பர் 16

இங்கேதான் அந்த நட்டு வருகிறது.

'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங்கை 74 வயது ஜிம்மி லீவர்ட் ஓட்டினார். பல தடவை மாற்றியமைக்கப்பட்ட விமானம். வயிற்றுப்பக்கம் இருந்த காற்றுவாயைக்கூட நீக்கியிருந்தார்கள். பந்தயத்தின் நடுவே விமானம் திடீரென மேல்நோக்கி எகிறியது. உடல் எடையைப்போல் 17 மடங்கு அழுத்தம் அவரை இருக்கையில் அமுக்கியது. நினைவு தப்பியது. விமானம் பார்வையாளர் பகுதி அருகே விழுந்தது. அவரோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். 60க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. வாலில் உள்ள 'டிரிம் டேப்' எனும் சிறு பலகையைப் பிடித்திருந்த திருகுகள் தளர்ந்திருந்தன. காரணம், தேய்ந்துபோன பழைய பூட்டு நட்டுகள். பெரிய மாற்றங்களைப் பதிவுசெய்யாமலும் முறையாகச் சோதிக்காமலும் விட்டதையும் வாரியம் சுட்டிக்காட்டியது.

பட்டறை அண்ணன் ஆங்கில அறிக்கை எதுவும் படித்தவரில்லை. சொன்னது அதையேதான்.

ஒரு தந்தை, ஒரு மகன்

பழையதை அப்படியே காப்பதா, வேகத்துக்காக வெட்டுவதா? இந்தக் கேள்விக்கு ஹிண்டன் குடும்பத்தின் கதையைவிட நல்ல பாடம் இல்லை.

1979இல் ஸ்டீவ் ஹிண்டன் 'ரெட் பேரன்' என்ற மஸ்டாங்கில் மணிக்கு 803 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார். அந்த மஸ்டாங்கின் மூக்கில் இருந்தது, சாங்கி ஷாக்கெல்டன்களில் இருந்த அதே வகைக் கிரிஃபன் எஞ்சின். அடுத்த மாதமே ரெனோவில் எஞ்சின் கோளாறாகி விமானம் நொறுங்கியது. படுகாயத்தோடு பிழைத்தார். பிறகு கலிஃபோர்னியாவின் சீனோ நகரில் பழைய போர் விமானங்களைப் புதுப்பித்துப் பறக்கவைப்பதே அவர் தொழிலானது. 2017இல் அவர் மகன் ஸ்டீவன், 'வூடூ' என்ற மஸ்டாங்கில் மணிக்கு 855 கிலோமீட்டரைத் தொட்டார்.

தந்தை வேகத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. மகன் அஞ்சிப் பின்வாங்கவும் இல்லை. வேகம் கேட்கும் விலை என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கவனமாகத் தொடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ரெனோ பந்தயம் 2023இல் அந்த ஊரில் முடிவுக்கு வந்தது. கடைசி நாளிலும் இரு விமானிகள் மோதி இறந்தார்கள். 2025இல் பந்தயம் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் நகருக்கு இடம் மாறியது. மிஞ்சியிருப்பவை பழைய மஸ்டாங்குகள்தான். ஒன்று விழுந்தால் இன்னொன்று புதிதாக வரப்போவதில்லை.

அப்பாவின் ஆர்எக்ஸ்இசட் இப்போது ஓடுகிறது. "வேணும்னா இன்னும் வேகமாக்கலாம் தம்பி" என்றார் அண்ணன். ஆசையாகத்தான் இருந்தது. அப்பா ஓட்டியது போலவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நட்டுகள் மட்டும் எல்லாமே புதுசு.