தரங்கம்பாடிக் கோட்டையின் சிறை அறைகள்

திருவிடந்தை, மாமல்லபுரம் வழியாகத் தெற்கே நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள பழைய துறைமுக ஊர் தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் டென்மார்க் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, 1620-இல் தளபதி ஓவே யெட்டே இங்கே கோட்டை எழுப்பினார். அதன் பெயர் டான்ஸ்போர்க்.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய இரண்டு அடுக்குக் கோட்டை இது. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் தங்கினர். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்குகளுடன் சிறை அறைகளும் இருந்தன.

இங்கே அடைக்கப்பட்டவர்களில் தமிழ் அச்சு வரலாறு மறக்காத ஒருவர், ஜெர்மானிய இறைப்பணியாளர் சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற அவர், 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, டேனிஷ் ஆளுநர் ஹாசியஸுடன் எழுந்த மோதலால் சிறைப்பட்டார். சுமார் நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலையானவர், 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே முழுமையாக அச்சேறியது.

1845-இல் டென்மார்க் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றது. இன்று கோட்டை தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. தரங்கம்பாடிக்குச் செல்வோர், கடலைப் பார்த்த மேல்தளத்தோடு நின்றுவிடாமல் கீழ்த்தள அறைகளையும் பார்த்து வர வேண்டும்.