நாளிதழ் நறுக்கும் சமுதாய நினைவும்

ஊடகத்தின் இயல்பு ஒரு சமுதாயத்தின் நினைவை எவ்வாறு வடிவமைக்கிறது என்னும் வினா மிகப் பழையது. பிளேட்டோவின் 'பைட்ரஸ்' உரையாடலில், எழுத்தைக் கண்டறிந்த தேவன் அதனை நினைவுக்கு மருந்தெனப் புகழ்கிறான். எகிப்திய மன்னன் தாமஸோ அது மறதியையே வளர்க்கும் என மறுக்கிறான். கனடிய அறிஞர் ஹெரால்டு இனிஸ் 1951இல் வெளியிட்ட நூலில் இதனை வேறு வகையாக அணுகினார். கல், களிமண் போன்ற கனத்த ஊடகங்கள் காலத்தைக் கடப்பன. தாள் போன்ற இலகுவானவை இடத்தைக் கடப்பன என்பது அவர்தம் துணிபு.

இப்பாகுபாட்டை மலேசியத் தமிழர் வாழ்வில் பொருத்திப் பார்க்கையில் ஒரு முரண் புலப்படுகிறது. 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ், மறுநாளே பொட்டலம் மடிக்கப் பயன்படும் தாள்தான். எனினும் நாளிதழ்களின் இரங்கல் அறிவிப்புகள் காலத்தைக் கடக்கும் பணியைச் செய்தன. மறைந்தவரின் படம், வயது, வாழ்ந்த தோட்டம், மக்கள் மருமக்கள் பெயர்கள் என ஒரு குடும்ப வரலாறே சில அங்குலத்தில் அடங்கியது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின்னர், அத்தோட்டப் பெயர்கள் எஞ்சியுள்ள இடங்களுள் இவ்வறிவிப்புகளும் ஒன்று.

அச்சேறாதோர் நிலை வேறு. 1942-43இல் அமைக்கப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அங்கு மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் இல்லை. அவர்தம் நினைவு மீண்டோரின் வாய்மொழியில் தங்கியிருந்து, மிகப் பிந்தியே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களில் எழுத்துரு பெற்றது.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் என் மாணவி ஒருவர் தம் பாட்டனார் பணியாற்றிய தோட்டத்தின் பெயரை அறிய விழைந்தார். வீட்டில் எவர்க்கும் தெரியவில்லை. கிள்ளானிலுள்ள மாமா வீட்டுச் சாமி மேடையில், பாட்டனார் படச்சட்டத்தின் பின்புறம் செருகப்பட்டிருந்த நாளிதழ் நறுக்கு ஒன்று அதனைக் கூறியது. அதே குடும்பத்துப் பாட்டியின் மறைவுச் செய்தி வாட்ஸ்அப் வழி ஒரே மணி நேரத்தில் சிட்னி வரை சென்றதாம். கைப்பேசிகள் மாற்றப்பட்ட பின் அஃது ஒருவரிடத்தும் இல்லை!

மின்வடிவம் அழியாதது என நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். 1990களில் தட்டச்சு செய்யப்பெற்ற தமிழ்க் கோப்புகள் பல, யுனிகோடுக்கு முந்திய குறியாக்கங்களில் அமைந்தமையால், உரிய எழுத்துருவின்றித் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. என் கருத்தில் இன்றைய மின்கோப்பு, கல்வெட்டினும் ஓலைச்சுவடிக்கே நெருங்கிய உறவினது. சுவடி தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டதால் வாழ்ந்தது. படியெடுப்போர் எதனை மதித்தனரோ அதுவே எஞ்சியது. அம்மாணவி நறுக்கை மின்படியாக்கியதோடு நில்லாமல், பாட்டியின் விவரங்களையும் தாளில் எழுதி அதே சட்டத்தின் பின்புறம் செருகி வைத்திருக்கிறார்.