மலைக்கு வேலி உண்டு, கண்மாய்க்கு?

2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஏல அறிவிப்பு வந்தது பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களில் மாநில அரசு ஆட்சேபிக்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. இரண்டு அரசுகளுக்கும் இடையில் கோப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊர்க்காரர்களிடம் யாரும் வாய்திறந்து கேட்கவில்லை.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். நவம்பர் 23 கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு போன ஆயிரக்கணக்கான மக்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

நம் செட்டியார்பட்டியில் இருப்பவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தத் தொகுதிக்குள் இருக்கும் அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 193 ஹெக்டேர்தான், ஏலம் விட்ட தொகுதியில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதனால்தான் டிசம்பர் 24 அன்று மத்திய அரசு, அந்தத் துண்டை மட்டும் விலக்கி எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொன்னது. சட்டக் காகிதத்தில் இருந்தது அந்தத் துண்டு மட்டும். மிச்ச நிலத்தை மக்கள் நடந்து காப்பாற்றினார்கள்.

நம் பக்கத்து மலைக்கு வலுவான காகிதம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயங்களுக்குள்ளும் அவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையும் சுரங்கம் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் நாம் குடிப்பதும் பாய்ச்சுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே. மலையில் பெய்த மழை ஓடையாக இறங்கி ஒரு கண்மாயை நிரப்புகிறது; அது மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஓர் ஆழமான சுரங்கக் குழி விழுந்தால், குழியைக் காயவைக்க இரவுபகலாகத் தண்ணீரை இறைப்பார்கள். சுற்றுக் கிணறுகளில் மட்டம் இறங்கும். டங்ஸ்டன் போன்ற தாதுவில் வேண்டிய உலோகம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்பதால், தோண்டி அரைத்த பாறை ஏறக்குறைய முழுவதும் கழிவாக அங்கேயே குவியும்.

இப்படிப்பட்ட சுரங்கத்தைக் கேள்வி கேட்க 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒரு வழி வைத்திருந்தது: முப்பது நாள் முன்னறிவிப்போடு, மாவட்ட நிர்வாகத்தின் தலைமையில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம். பல கூட்டங்கள் சடங்காக முடிந்தன என்பது உண்மை. இருந்தாலும் ஒரு விவசாயி பேசியது பதிவாகும், நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். 2025 செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை மூலம் அணு, முக்கிய, உத்திசார் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என்று விலக்களித்தது. டங்ஸ்டன், லித்தியம், கிராஃபைட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த மாற்றத்தைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கிறேன். ஒரு குறிப்பாணையால் ஊரின் வாயை அடைக்க முடியும் என்றாகிவிட்டது.

முதலாளி எங்கே இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹிந்துஸ்தான் ஜிங்க் வேதாந்தாவின் துணை நிறுவனம். மேலே இருப்பது லண்டனில் பதிவான வேதாந்தா ரிசோர்சஸ். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் இதே குழுமம்தான். 2018 மே மாதப் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த பிறகே ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு உத்தரவிட்டது. ஜாம்பியாவில் சிங்கோலா அருகே இந்தக் குழுமத்தின் செப்புச் சுரங்கக் கழிவு தங்கள் ஆறுகளைக் கெடுத்தது என்று 1,826 கிராமத்தார் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அங்கேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய் நிறுவனமே அச்சிட்டு வெளியிட்ட சுற்றுச்சூழல் வாக்குறுதிகளும் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாயின. 2021-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, சமரசம் ஆனது.

எழுத்தில் இருப்பதே எடுபடும். செட்டியார்பட்டி ஒரு பேரூராட்சி; மேலூர்க் கிராமங்களுக்கு இருந்த கிராம சபை இங்கே கிடையாது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். கண்மாய்களின் பெயர், மறுகால் போகும் திசை, சித்திரையில் கிணற்று மட்டம், கரை மரங்களில் கூடு கட்டும் பறவைகள் எல்லாம் அதில் ஏறட்டும். மன்றத் தீர்மானத்தோடு சேர்த்து முத்திரையிட்ட நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.