ஜிபியூ காணவில்லையா? பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்

“அக்கா, என் லேப்டாப்பில ஜிபியூவே இல்ல. கடையில அது எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. மாத்த 480 ரிங்கிட் ஆகுமாம். அம்மாகிட்ட எப்படிக் கேக்கிறது?”

கடந்த பள்ளி விடுமுறையில் ஆயர் ஈத்தாமிலிருந்து என் சித்தி மகன் அனுப்பிய குரல் பதிவு இது. படிவம் நான்கில் படிக்கிறான். பள்ளிப் போட்டி ஒன்றுக்காக மூன்று நிமிடக் காணொளி தயாரித்துக்கொண்டிருந்தான். படத்தொகுப்பு மென்பொருளைத் திறந்தாலே கணினி திணறியது. நண்பனின் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியூ, மெமரி, டிஸ்க், வைஃபை, ஜிபியூ என்று வரிசையாக இருக்கிறது. இவனுடையதில் ஜிபியூ என்ற வரியே இல்லை. கடையில் விசாரித்தபோது வந்த பதில்தான் அந்த 480 ரிங்கிட்.

சித்தி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்டு வேலை செய்கிறார். அந்தப் பழைய மடிக்கணினியே போனஸ் பணத்தில் வாங்கியது. அதனால் “ஒரு நாள் பொறு, நான் வந்து பார்க்கிறேன்” என்று சொன்னேன்.

திரையில் இல்லாதது கணினியில் இல்லாததா?

விண்டோஸ் பயன்படுத்தும் எல்லாரும் ஒருமுறையாவது டாஸ்க் மேனேஜரைத் திறந்திருப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் வந்துவிடும். மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய டேவ் பிளம்மர் உருவாக்கிய இக்கருவி, 1996-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0-இல் இடம்பெற்றது. ஆனால் ஜிபியூவின் வேலையைக் காட்டும் பகுதி அதில் சேர்ந்தது 2017 அக்டோபரில்தான். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்போடு அது வந்தது.

டாஸ்க் மேனேஜர் ஜிபியூவை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஜிபியூவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே டிரைவர் என்ற மென்பொருள் நிற்கிறது. அந்த டிரைவர் எந்த முறையில் விண்டோஸோடு பேச வேண்டும் என்பதற்கு டபிள்யூடிடிஎம் என்ற விதிமுறை உண்டு. டிரைவர் அதன் 2.0 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ பின்பற்றினால்தான் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ தெரியும். ஆகவே அந்த வரி இல்லாததற்கு விண்டோஸ் பழையதாக இருக்கலாம், டிரைவர் இல்லாமல் இருக்கலாம், கருவியே பழைய தலைமுறையாக இருக்கலாம். எரிந்துபோனது என்பது கடைசியாக நினைக்க வேண்டிய காரணம்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: விண்டோஸின் பதிப்பு என்ன? தேடல் பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் பதிப்பு எண் தெரியும். தம்பியின் கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. இதில் சிக்கல் இல்லை.

இரண்டாவது கேள்வி: டிரைவர் இருக்கிறதா? ஸ்டார்ட் பொத்தானை வலச் சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற பகுதியை விரித்தோம். அங்கே இன்டெல் என்ற பெயர் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’. சரியான டிரைவர் கிடைக்காதபோது திரையில் எதையாவது காட்டுவதற்காக விண்டோஸ் வைத்துக்கொள்ளும் தற்காலிக ஏற்பாடு அது. அதோடு வேலை செய்யும்போது ஜிபியூவின் திறன் பயன்படாது. படம் சம்பந்தப்பட்ட சுமை முழுவதும் சிபியூவின் தலையில் விழும். காணொளி திணறியதன் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

“திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியுதா?” என்று கேட்டேன். “இல்லக்கா, ஒரு மாசமா முடியல” என்றான். அதுவும் இந்தத் தற்காலிக டிரைவரின் அடையாளம்தான். ஒரு மாதத்துக்கு முன்தான் கணினியை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக விண்டோஸ் அப்டேட் தேவையான டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும். ஆனால் இவர்கள் வீட்டில் வைஃபை இல்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீர்ந்துவிடக் கூடாது என்று இவன் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று மாற்றி வைத்திருந்தான். அப்படிப்பட்ட இணைப்பில், நாம் அனுமதி கொடுத்தால் தவிர, விண்டோஸ் டிரைவர்களை இறக்காது.

மூன்றாவது கேள்வி: கருவி எந்தத் தலைமுறை? இவனுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5. இதில் கிராஃபிக்ஸ் பகுதி சிபியூவோடு ஒரே சிப்பில் அமைந்திருக்கிறது. தனியான கிராஃபிக்ஸ் கார்டு இந்த மாடலில் கிடையாது. இல்லாத கார்டு எப்படி எரியும்? எதை மாற்ற 480 ரிங்கிட்?

மடிக்கணினியின் அடியில் அச்சிட்டிருந்த மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கினோம். நிறுவி, மறுபடி இயக்கியதும் டாஸ்க் மேனேஜரில் ‘ஜிபியூ 0’ வந்து உட்கார்ந்தது. செலவு, என் கைப்பேசி டேட்டா மட்டும்.

சித்தி சொன்னது

வேலை முடிந்து வந்த சித்தியிடம் விவரத்தைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “எங்க லைன்ல ஒரு சிப் ஃபெயில்னு வந்தா ஒடனே தூக்கிப் போட்டுடுவோமா? சாக்கெட்ல தூசி இருக்கான்னு பாத்துட்டு மறுபடியும் டெஸ்ட் பண்ணுவோம் லா” என்றார்.

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் திறந்தது நம் பினாங்கில்தான். அன்று முதல் இங்கே சிப்புகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் நம் அம்மாக்களும் சித்திகளும் இருக்கிறார்கள். சோதனைக் கருவி ‘இல்லை’ என்று சொன்னால் முதலில் சோதித்த வழியைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாடப் பாடம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்கு அதைச் சொல்ல ஓர் அரை நாள் தேவைப்பட்டது.

எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. என்னிடமே ஒரு பழைய மடிக்கணினி உண்டு. 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல். அதன் டிரைவர் டபிள்யூடிடிஎம் 1.3-ஓடு நின்றுவிட்டது. எத்தனை முறை அப்டேட் செய்தாலும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ வராது. அது கோளாறும் இல்லை. ஜிபியூ-இசட் போன்ற இலவசக் கருவியில் அதன் விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதுபோல இன்னும் சில ‘காணவில்லை’ உண்டு. ஜிபியூவின் வெப்பநிலையை டாஸ்க் மேனேஜர் காட்டத் தொடங்கியது 2020 மே மாத அப்டேட்டில். அதுவும் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில் மட்டும். உங்களுடையதில் வெப்பநிலை இல்லையென்றால் பதற வேண்டாம். பள்ளி, கல்லூரிக் கணினியில் டாஸ்க் மேனேஜரே திறக்காமல், நிர்வாகி முடக்கியிருக்கிறார் என்று செய்தி வந்தால் அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது. அதை உடைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கணினியில் அதே செய்தி வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள், வைரஸ் சோதனை செய்யுங்கள். டிரைவரைத் தானே தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பி இறக்காதீர்கள்.

பழைய மடிக்கணினி வாங்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கொடுக்கும் முன், டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, டிஸ்ப்ளே பகுதியில் டிரைவர் மாடல் என்ற வரியைப் பாருங்கள். விண்டோஸ் 11-க்கும் டபிள்யூடிடிஎம் 2.0 தேவை. எண் அதைவிடக் குறைவாக இருந்தால், டிரைவர் இல்லையா, கருவியே பழையதா என்று விற்பவரிடமே கேளுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

தம்பியின் காணொளிக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் குறித்த நாளில் அனுப்பிவிட்டான். போன வாரம் அவன் வகுப்பு நண்பனின் கணினியிலும் ஜிபியூ காணவில்லையாம். என்னை அழைக்காமல் அவனே போய்ப் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறான்.