பிள்ளையின் முதல் கதை விளையாட்டு



ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாமா?

கற்பனை குற்றமல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளிடையே இறக்கையுள்ள குதிரையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்ற பதில் கேட்டுச் சிரித்தார்கள் (அபூதாவூத்). ஆனால் பகடையாட்டத்தை ஹதீஸ் கண்டிக்கிறது (முஸ்லிம்). எனவே பகடையில்லாததைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையின் யோசனை பலிக்குமா என்பதை உம்மாவே தீர்மானிக்கட்டும்.

கதைக்குச் சிலாவத்துறை முத்துக்குளிப்பு போதும். மூத்தவன் குளிப்பவன், இளையவன் கயிறு பிடிப்பவன். மூச்சு முட்டுகிறது, இன்னொரு சிப்பி எடுப்பதா, கயிற்றை இழுப்பதா? முத்தில் கூட்டாளிக்கு எவ்வளவு பங்கு?

1990 அக்டோபரில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டோரின் பேரப்பிள்ளைகள், அமானிதத்தோடு சொந்தக் கடலையும் இப்படி அறியட்டும்!